வெண்பனிக்கு அடியில் கிடக்கும் பனி: மலைச் சறுக்குப் பயணங்களில் ஆட்கள் புதைவது எப்படி?

தை, மாசி மாதங்களில் சுவிஸ், ஒஸ்ரியா, நோர்வே, கனடா என்று எம்மவர் குடியேறிய நாடுகளிலிருந்து ஏறத்தாழ ஒரே அச்சில் வார்த்த செய்தி வரும். மலையில் சறுக்கப் போனவர்கள் பனிச்சரிவில் புதைந்தார்கள், எச்சரிக்கை மூன்றாம் நிலையில் இருந்தது, போனவர்கள் அனுபவசாலிகள். திருகோணமலையில் இருந்து வாசிக்கிறவருக்கு இந்த மூன்று துண்டும் ஒன்றோடொன்று ஒட்டாது. எச்சரிக்கை இருந்தால் ஏன் போனார்கள்? அனுபவம் இருந்தால் மேலே இருந்து வருவதைக் கண்டு விலகியிருக்கலாமே? பஞ்சு போலக் கிடக்கும் ஒன்று ஆளை எப்படிக் கொல்லும்?

குழப்பத்தில் பாதி சொல்லால் வருவது. அங்கிருந்தே தொடங்கலாம்.

## பனி வேறு, வெண்பனி வேறு

எங்களுக்குப் பனி என்றால் விடியப்புறம் மோட்டார்சைக்கிள் சீற்றை நனைத்துக் கிடப்பது. "தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்" என்று பழமொழி சொல்வதும் இதைத்தான். வானத்திலிருந்து விழுகிற வெள்ளைப் பொருள் எங்கள் ஊர்ச் சங்கதி அல்ல. அதற்கும் பனி என்றே பெயர் வைத்துவிட்டோம். இக்கட்டுரையில் விழுவது வெண்பனி, படிவது பனி.

பனி எந்த இரவில் படியும் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரிந்ததே. முகில் மூடிய இரவில் படியாது. காற்று அடித்தாலும் படியாது. வானம் வெளித்து, காற்று அசையாமல் இருந்தால், தகரமும் சீற்றும் இலையும் தங்கள் சூட்டை வானத்துக்கு விட்டு, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துபோகும். காற்றில் உள்ள ஈரம் அவற்றின் மேல் நீராக ஒதுங்கும்.

இதே இரவு ஆல்ப்ஸ் மலையில் வெண்பனி மூடிய சரிவொன்றுக்கு மேல் நடந்தால்? ஈரம் நீராகாமல் நேரடியாகப் பளிங்காகும். காலையில் பார்த்தால் வெண்பனியின் முகத்தில் கோழியிறகின் நுனிபோல மெல்லிய கண்ணாடித் தகடுகள் நிமிர்ந்து நிற்கும். வெயில் பட்டால் மினுங்கும். பார்க்க அவ்வளவு அழகு. அடுத்த வெண்பனி வந்து இதன்மேல் விழுந்து மூடிய நாளிலிருந்து இதுவே பொறி. விழுந்த வெண்பனியைவிட, அதற்கு அடியில் புதைந்த இந்தப் பனிதான் பல மரணங்களுக்கு வழி திறக்கிறது.

## சறுக்குகிறவர்கள் தேடிப் போவது என்ன?

சறுக்கு மைதானம் என்று நாங்கள் படத்தில் காண்பது பெரும்பாலும் 'பிஸ்ட்'. இரவில் இயந்திரம் ஓட்டி அழுத்திச் சமப்படுத்திய பாதை. மேலே போக லிஃப்ட். சரிவு அபாயம் கூடினால் காவலர்கள் பாதையை மூடுவார்கள், சிலவேளை வெடிவைத்து அபாயத்தை முன்கூட்டியே இறக்கிவிடுவார்கள்.

'பெக்கன்ட்ரி' என்பது இதற்கு அப்பாலுள்ள மலை. அங்கே பாதையும் இல்லை, காவலும் இல்லை. ஸ்கீயின் அடியில் 'ஸ்கின்' எனப்படும் மயிர்ப் பட்டையை ஒட்டி, முன்னால் வழுக்கும், பின்னால் பிடிக்கும் அந்த மயிரின் பலத்தில் மணிக்கணக்காக ஏறி, உச்சியில் பட்டையை உரித்துச் சுருட்டிப் பையில் வைத்துவிட்டு ஒரே இறக்கமாக இறங்குவார்கள். ஏற மனமில்லாத பணக்காரருக்கு ஹெலிகொப்டர் உண்டு. அந்த வியாபாரம் 1965 இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மலைகளில் ஹான்ஸ் க்மோசர் என்ற வழிகாட்டி தொடக்கியது.

இவ்வளவு பாடும் 'பவுடருக்காக'. புதிதாய், குளிரில் விழுந்து, யாரும் மிதிக்காத வெண்பனி. ஒரு கன மீற்றர் 50 முதல் 100 கிலோ வரைதான் நிறை. ஒரு கன மீற்றர் தண்ணீர் 1,000 கிலோ என்பதை நினைத்தால் விளங்கும். பத்தில் ஒன்பது பங்கு காற்று. அதில் இறங்குகிறவருக்கு நிலம் தட்டுப்படாது, மிதக்கிற உணர்வு வரும். அதில் ஒரு போதை இருக்கிறது என்பதை மறைத்துவிட்டு இந்த விபத்துகளை விளக்க முடியாது.

## தட்டத்தில் ஒரு சோதனை

மலையில் மாரி முழுவதும் விழுவது ஒரே குவியலாகக் கிடப்பதில்லை. ஒவ்வொரு முறை விழுவதும் ஓர் அடுக்கு. இடையில் வெயில் காய்ந்தால் ஒரு மேலோடு, வெளித்த இரவு வந்தால் ஒரு பனித்தகட்டு அடுக்கு. வெண்பனி மெல்லியதாகக் கிடக்கும் இடத்தில் இன்னொன்றும் நடக்கும்: நிலத்தோரம் 0 பாகை, மேற்பரப்பு உறைகுளிர் என்ற வித்தியாசத்தால் உள்ளே நீராவி மேல்நோக்கி ஊர்ந்து, அடியிலுள்ள துகள்களைச் சீனி போன்ற ஒட்டாத மணிகளாக்கிவிடும். கையில் அள்ளினால் விரலிடுக்கால் ஓடும்.

வீட்டில் செய்து பார்க்கலாம். ஒரு தட்டத்தில் பிட்டுக்கு வறுத்த மாவைத் தூவி மெதுவாகச் சாயுங்கள். ஒரு புள்ளியில் உதிரத் தொடங்கி, கீழே போகப் போக விரிந்து வழியும். இது உதிரிச் சரிவு. இனித் தட்டத்தைத் துடைத்து, முதலில் கடுகைப் பரவி, அதன்மேல் சற்று ஈரமாக்கிய மாவை இரண்டு விரல் தடிப்புக்கு அமத்திப் படியவிட்டுச் சாயுங்கள். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்காது. பிறகு மேலே ஒரு கோடு வெடிக்கும். முழு மாவும் பலகைபோல ஒன்றாக வரும். சறுக்குகிறவர்களைக் கொல்லுவது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகையான பலகைச் சரிவு.

அது புறப்படும் ஒழுங்கு:

1. மேலே இறுகிய பலகை, கீழே கடுகுபோன்ற வலுவற்ற அடுக்கு. இரண்டும் சேர்ந்திருக்க வேண்டும்.

2. ஒருவர் அதன்மேல் வருகிறார். அவருடைய பாரம் சில பத்து சென்ரிமீற்றர் ஆழம் வரை இறங்கி, அடியிலுள்ள தகடுகளை ஓரிடத்தில் முறிக்கிறது.

3. முறிவு அந்த இடத்தில் நிற்பதில்லை. சீட்டுக்கட்டு வீடு சரிவதுபோல, பக்கத்துத் தகடு, அதற்கடுத்த தகடு என்று கண்மூடித் திறப்பதற்குள் சரிவெங்கும் ஓடுகிறது. சமநிலத்தில் நின்றால் காலடியில் 'வூம்ப்' என்று ஓர் அமுங்கிய சத்தம் கேட்கும். அனுபவசாலிகள் அந்தச் சத்தம் கேட்டவுடன் திரும்பிவிடுவார்கள்.

4. சரிவு போதிய சாய்வாக இருந்தால் பலகை அறுந்து கீழே போகிறது. ஆள் நிற்பது அதன் நடுவில்.

நாலாவதைக் கவனியுங்கள். "மேலே இருந்து வருவதைக் கண்டு விலகலாமே" என்ற கேள்விக்கு மறுமொழி அதில் இருக்கிறது. மேலே இருந்து ஒன்றும் வருவதில்லை. நிற்கிற தரை புறப்படுகிறது. சறுக்கப் போய் இறந்தவர்களில் பத்தில் ஒன்பது பேரளவில் தாங்களோ தங்கள் கூட்டத்தில் ஒருவரோ அவிழ்த்துவிட்ட சரிவில்தான் அகப்பட்டிருக்கிறார்கள். ஊரை மூடும் இயற்கைச் சரிவு வேறு கதை. 1999 பெப்ரவரி 23 அன்று ஒஸ்ரியாவின் கால்டூர் கிராமத்தில் 31 பேர் மாண்டது நாட்கணக்காக விழுந்த வெண்பனி தன் பாரத்தால் தானே இறங்கியதால். அங்கே யாரும் அதை மிதிக்கவில்லை.

மண்சரிவோடு ஒப்பிடுகிறவர்களும் உண்டு. 2014 ஒக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையை மூடிய மண்ணை யாரும் மிதித்து அவிழ்க்கவில்லை. மழைநீர் உள்ளே இறங்கி அவிழ்த்தது. அது கால்டூர் வகையைச் சேர்ந்தது.

## எந்தச் சாய்வு ஆபத்து?

30 பாகைக்குக் குறைந்த சாய்வில் பலகை அறுந்தாலும் உராய்வு பிடித்துக்கொள்ளும். 45 பாகைக்கு மேல் வெண்பனி பெரிதாகச் சேராது; விழ விழ உதிர்ந்துபோகும். இராவணன் வெட்டுப் போன்ற செங்குத்துப் பாறையில் பலகை கட்ட இடமே இல்லை. ஆபத்து இடைப்பட்ட பகுதியில், குறிப்பாக 35 முதல் 40 பாகை வரை.

கண்ணால் அளக்க இரண்டு அளவுகோல் தரலாம். வீட்டு மாடிப்படியின் சாய்வு ஏறத்தாழ 30 முதல் 35 பாகை. புல்மோட்டையில் காய்ந்த கனிய மணலைக் குவித்தால் குவியலின் பக்கமும் 30 பாகையைச் சற்றுத் தாண்டி நிற்கும். அதற்குமேல் கொட்டினால் வழியும். துன்பம் என்னவென்றால், சறுக்க மிக நல்ல சாய்வும் இதுதான். 25 பாகையில் பவுடரில் இறங்கினால் வேகம் பிடிக்காது. ஆசையும் ஆபத்தும் ஒரே பாகைமானியில் ஒரே இடத்தில் நிற்கின்றன.

சாய்வான இடத்தில் நிற்காவிட்டாலும் தப்ப முடியாமல் போகலாம். கீழே தட்டையில் நடப்பவர் வலுவற்ற அடுக்கை முறித்தால் அந்த முறிவு மேல்நோக்கி ஓடி, தலைக்கு மேலுள்ள சரிவை அவிழ்க்கும். வரைபடத்தில் பாதையின் சாய்வைப் பார்த்தால் மட்டும் போதாது. பாதைக்கு மேலே என்ன இருக்கிறது என்றும் பார்க்கவேண்டும்.

## கச்சான் காற்றின் சுவிஸ் உறவினர்

காற்றின் பங்கை எங்கள் ஆட்களுக்கு விளக்குவது சுலபம். ஆனி, ஆடியில் அடிக்கும் கச்சான் (கடலை அல்ல, காற்று) தென்மேற்கு மழையை மலையகத்தில் கொட்டிவிட்டு, காய்ந்து, இறங்க இறங்கச் சூடேறி எங்கள் பக்கம் வருகிறது. ஒவ்வொரு 100 மீற்றர் இறக்கத்துக்கும் ஏறத்தாழ 1 பாகை கூடும். ஆல்ப்ஸில் இதே பொறிமுறையில் அடிப்பது 'ஃபோன்' காற்று. மலையின் ஒரு பக்கத்தில் ஈரத்தை விட்டு மறுபக்கம் உலர்ந்து இறங்கும். மாரி நடுவிலும் சில மணி நேரத்தில் பள்ளத்தாக்கைச் சூடாக்கிவிடும்.

சறுக்குகிறவருக்கு அது இரண்டு விதத்தில் கெடுதி. சூடு மேலடுக்கைத் தளர்த்துகிறது. அதைவிட மோசம், உச்சியில் அடிக்கும் வேகம் வெண்பனியை வாரி, துகள்களை உடைத்துப் பொடியாக்கி, காற்றுப்படாத மறுபக்கத்தில் கொண்டுபோய் இறுக்கி அடுக்குகிறது. தட்டத்தில் நாங்கள் கையால் அமத்திய வேலையை இங்கே காற்று செய்கிறது. ஒரு துளிகூட விழாத நாளிலும் காற்று மட்டும் புதிய பலகையைக் கட்டிவிடும்.

## 'மூன்றாம் நிலை' என்றால் பாதி ஆபத்தா?

செய்தி வாசிப்பவர் பெரிதும் தடுமாறுவது இங்கேதான். இலங்கையில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் விடுக்கும் மண்சரிவு எச்சரிக்கைக்கு மூன்று நிலை. மஞ்சள் என்றால் விழிப்பு, செம்மஞ்சள் என்றால் ஆயத்தம், சிவப்பு என்றால் வெளியேறு. மூன்றாம் நிலையே உச்சம். ஐரோப்பியப் பனிச்சரிவு அளவுகோலுக்கு, 1993 முதல், ஐந்து நிலை: குறைவு, மிதம், கணிசம், அதிகம், மிக அதிகம். எங்கள் கணக்கில் வாசித்தால் 3 என்றதும் "வெளியேறச் சொல்லியும் போயிருக்கிறார்கள்" என்று தோன்றும். அவர்கள் கணக்கில் சிலர் "ஐந்தில் மூன்று, நடுத்தரம்" என்று நினைத்துப் போகிறார்கள். இரண்டும் பிழை.

அந்த ஐந்து படியும் சம உயரமானவை அல்ல; ஒவ்வொன்றும் முந்தியதைவிடப் பல மடங்கு. மூன்றில், பல சரிவுகளில் தனி ஒரு ஆளின் பாரமே பலகையை அவிழ்க்கப் போதும். சுவிஸ் மாரி நாட்களில் மூன்றில் ஒரு பங்களவு இந்த நிலையில் இருக்கும். இறப்புகளில் பாதியளவு இந்த நாட்களில் நடக்கும். 4, 5 இல் குறைவாகச் சாகிறார்கள். காரணம் எளிது: அந்த நாட்களில் ஆபத்து கண்ணுக்குத் தெரியும், ஆட்கள் வீட்டில் இருப்பார்கள். மூன்றில் வானம் நீலமாக இருக்கும், பவுடர் கிடக்கும், முன்னால் போனவரின் தடமும் தெரியும்.

இன்னொன்று. கடல் கொந்தளிப்பென்றால் கடற்றொழிலாளரைப் போகவேண்டாம் என்று எங்கள் அறிவிப்புச் சொல்லும். அங்குள்ள மலை அறிவிப்பு அப்படிச் சொல்வதில்லை. எந்த உயரத்துக்கு மேல், எந்தத் திசைச் சரிவில், எந்தவகைச் சிக்கல் என்று சொல்லிவிட்டு முடிவைப் போகிறவரிடம் விட்டுவிடும். மலையைப் பூட்ட ஒருவரும் வரமாட்டார். எச்சரிக்கையை மீறினார்கள் என்று செய்தியில் வரும் சொல் பலவேளை பொருந்தாது. எச்சரிக்கையைத் தவறாகக் கணக்கிட்டார்கள் என்பதே நடந்தது.

கணக்கிட அவர்களிடம் ஒரு முறை உண்டு. சரிவில் குழி தோண்டி, 30 சென்ரிமீற்றர் அகலமும் 30 நீளமுமாக ஒரு தூணைச் சுற்றிவர அறுத்துத் தனியாக்குவார்கள். தூணின் தலையில் சவளின் அலகை வைத்து, மணிக்கட்டை மட்டும் ஆட்டிப் பத்துத் தட்டு, முழங்கையிலிருந்து பத்து, தோளிலிருந்து பத்து. எந்தத் தட்டில், எந்த ஆழத்தில் தூண் அறுந்து முன்னால் வழுக்குகிறது என்று பார்ப்பார்கள். நாலாவது தட்டிலேயே மேல்பாதி மேசை இழுப்பறைபோலச் சுத்தமாக வெளியே வந்தால் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது. தூண் நின்றுகொண்டால்? அந்தக் குழி அங்கே நல்லது என்று மட்டும்தான் பொருள். இருபது மீற்றர் தள்ளி என்ன இருக்கிறது என்பதை அது சொல்லாது.

## பஞ்சு எப்படிச் சீமெந்தாகிறது?

நடுத்தரமான ஒரு பலகையைக் கணக்குப் போடுவோம். 50 மீற்றர் அகலம், 80 மீற்றர் நீளம், அரை மீற்றர் தடிப்பு. 2,000 கன மீற்றர். காற்றில் இறுகியதால் ஒரு கன மீற்றர் 200 கிலோ என்று வைத்தால் 400 தொன்; அதாவது 20 தொன் ஏற்றிய லொறிகள் இருபது. ஓடும்போது துகள்கள் அரைபட்டுச் சூடேறும். நின்ற கணத்தில் ஒன்றோடொன்று ஒட்டி உறையும். புதைந்தவர் விரலைக்கூட அசைக்க முடியாது.

பெரும்பாலானவர்கள் மூச்சுமுட்டியே இறக்கிறார்கள். விட்ட மூச்சையே திரும்ப எடுக்கவேண்டிய நிலை. அந்த மூச்சின் ஈரமும் முகத்துக்கு முன்னால் உறைந்து மூடிபோலாகும். மரத்திலும் பாறையிலும் அடிபட்டு இறப்பவர் மீதிப்பேர். சுவிஸ் பதிவுகளின்படி, முழுதாகப் புதைந்தவரை 10 நிமிடத்துக்குள் தோண்டி எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அரை மணியை நெருங்கும்போது அது மூன்றாகிவிடுகிறது.

இந்த எண்களைக் கண்டால் ஹெலிகொப்டர் மீட்புப் பற்றிய நம்பிக்கை போய்விடும். அது எவ்வளவு விரைவாகப் புறப்பட்டாலும் பத்து நிமிடத்தைப் பிடிப்பது அரிது. காப்பாற்றக்கூடியவர் பக்கத்தில் நிற்கும் கூட்டாளி ஒருவரே. அவரிடமும் புதைந்தவரிடமும் மூன்று பொருள் இருக்கவேண்டும்:

1. ட்ரான்சீவர். மார்பில் கட்டும் கைப்பேசி அளவான கருவி. எந்தக் கம்பனி செய்தாலும் 457 கிலோஹேர்ட்ஸில் இயங்கும். எல்லோரும் அனுப்பும் நிலையில் போவார்கள். ஒருவர் புதைந்தால் மற்றவர்கள் தேடும் நிலைக்கு மாற்றுவார்கள். சில பத்து மீற்றர் தூரத்தில்தான் சத்தம் பிடிக்கும்.

2. மடித்து வைக்கும் நீளக் கம்பி. விரித்தால் இரண்டரை, மூன்று மீற்றர். கருவி காட்டிய இடத்தில் குத்திப் பார்த்து உடலைத் தொடுவதற்கு.

3. உலோகச் சவள். பிளாஸ்டிக் உடையும். ஒரு மீற்றர் ஆழத்தில் கிடக்கும் ஆளுக்குத் தோண்டவேண்டியது ஒரு தொன்னுக்கு மேல். நேரம் போவது இதில்தான்.

காற்றுப்பை உள்ள முதுகுப்பையும் உண்டு. இழுத்தால் ஊதி, ஆளை மேற்பரப்புக்குக் கிட்ட வைத்திருக்கும். உதவும்; ஆனால் மரங்களுக்குள்ளோ குறுகிய ஓடைக்குள்ளோ அடித்துப் போகப்பட்டால் பெரிதாக உதவாது. சரிவைத் தாண்டும்போது ஒவ்வொருவராகத் தாண்டவேண்டும் என்ற விதிதான் எந்தக் கருவியையும்விட மலிவு. எல்லோரும் சேர்ந்து தாண்டினால் தோண்டுவதற்கு ஆள் மிஞ்சாது.

## அனுபவசாலிகள் ஏன் அகப்படுகிறார்கள்?

2003 ஜனவரி 20 அன்று பிரிட்டிஷ் கொலம்பியாவின் செல்கேர்க் மலைத்தொடரில் வழிகாட்டியோடு போன குழுவில் 7 பேர் இறந்தார்கள். பன்னிரண்டு நாள் கழித்து, பெப்ரவரி 1 அன்று, அதே தொடரில் ரோஜர்ஸ் கணவாய் அருகே பள்ளி மாணவர் 7 பேர் இறந்தார்கள். இந்த இரண்டாவதுக்குப் பிறகுதான் கனடாவின் தேசியப் பூங்கா நிர்வாகம் மலைப்பாதைகளை அன்றைய வெண்பனியைப் பாராமல் நிலத்தின் அமைப்பை மட்டும் பார்த்து எளிது, சவால், சிக்கல் என்று வகைப்படுத்தத் தொடங்கியது. வெண்பனி நாளுக்கு நாள் மாறும், மலை மாறாது என்ற எளிய எண்ணம்.

பயணத்தின் அமைப்பே ஆளைத் தள்ளுகிறது என்பது என் கணிப்பு. ஆறு மாதத்துக்கு முன் லீவு எடுத்து, காசு கட்டி, ஒரு கிழமைக்கு வந்தவர். புதைந்த பனித்தகட்டு அடுக்கு இறுகி வலுப்பெற மூன்று, நான்கு கிழமை எடுக்கலாம். அவருக்கு இருப்பதோ ஆறு நாள். புதிதாய் விழுந்த மறுநாள் வெயில் எறிக்கும். பிந்தினால் மற்றவர்கள் தடம் போட்டுவிடுவார்கள். ஆபத்து மிகக் கூடிய நாளும் ஆசை மிகக் கூடிய நாளும் ஒன்றாகிவிடுகின்றன. அனுபவம் இதில் ஒரு வகையில் எதிரி. இருபது முறை போய் ஒன்றும் நடக்காமல் வந்தவருக்கு மலை பாடம் சொல்லவில்லை. பிழையான கணிப்புக்கும் அது இருபது முறை பரிசு கொடுத்திருக்கலாம்.

## இங்கிருந்து கேட்கக்கூடியவை

அங்குள்ள பிள்ளைகளும் மருமக்களும் வேலைத்தல நண்பர்களோடு இப்படிப் போகத் தொடங்கியிருக்கிறார்கள். "கவனமாப் போ" என்று தொலைபேசியில் சொல்வதால் ஒன்றும் ஆகாது. குறிப்பாகக் கேட்கலாம்: பிஸ்டிலா, வெளியிலா? வெளியிலென்றால் இன்று எத்தனையாம் நிலை, உங்கள் சரிவு எந்தத் திசை பார்க்கிறது? மூன்று பொருளும் ஒவ்வொருவரிடமும் இருக்கிறதா, அதில் தேடிப் பழகியது எப்போது? காப்புறுதிப் பத்திரத்தில் பிஸ்டுக்கு வெளியே என்று எழுதியிருக்கிறதா? பல பயணக் காப்புறுதிகள் வழிகாட்டி இல்லாத வெளிச்சறுக்கை விலக்கிவிடும். சுவிஸில் வேலைசெய்வோரின் விபத்துக் காப்புறுதியும் துணிந்து ஆபத்தைத் தேடியதாகக் கருதினால் பணக்கொடுப்பனவைக் குறைக்கக்கூடும்.

நிலையை நீங்களே பார்க்கவும் முடியும். சுவிஸ் அறிவிப்பை டாவோஸில் உள்ள வெண்பனி, பனிச்சரிவு ஆய்வு நிறுவனம் மாரிகாலத்தில் நாள்தோறும் மாலை 5 மணிக்கு வெளியிடுகிறது. எங்களுக்கு அது இரவு 9.30. ஜேர்மன், பிரெஞ்சு, இத்தாலியன், ஆங்கிலம் என நாலு மொழி, தமிழ் இல்லை. ஆனால் வரைபடம் மொழி கேட்காது. 1 பச்சை, 2 மஞ்சள், 3 செம்மஞ்சள், 4 சிவப்பு. பக்கத்தில் ஒரு சிறிய வட்டம் இருக்கும். அதில் கறுப்படித்த பக்கம்தான் அன்றைக்கு மிதிக்கக்கூடாத திசை. அதனோடு ஒரு எண், 2,200 மீற்றர் என்பது போல. அந்த உயரத்துக்கு மேலே. பிள்ளை அனுப்பிய பாதை வரைபடத்தை மற்றக் கையில் வைத்துக்கொண்டு இந்த இரண்டையும் பொருத்திப் பார்க்க ஐந்து நிமிடம் போதும்.